கொடிக்காலில் குனிந்து பார்த்தவை

மதுரையிலிருந்து ஜெயமங்கலம் வர இரண்டு பாதைகள் உண்டு. வத்தலக்குண்டு, காட்ரோடு, தேவதானப்பட்டி என்று கொடைக்கானல் மலையடிவாரத்தை ஒட்டியபடியே வரலாம். உசிலம்பட்டி கடந்து, ஆண்டிபட்டிக் கணவாய் ஏறி இறங்கி, வைகை அணை வழியாகவும் வரலாம். நாங்கள் இரண்டாவதைப் பிடித்தோம். உடன் வந்த பெரியவருக்கு அணையைப் பார்த்துவிட்டுப் போக ஆசை. மதுரையில் நெடுங்காலம் ஸ்டுடியோ வைத்திருந்தவர், புகைப்படப் போட்டிகளுக்கு நடுவராகப் போய்வந்தவர் அவர். 1959 ஜனவரியில் காமராஜர் திறந்துவைத்த அணை, 71 அடி வரை நீர் தேக்கக்கூடியது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதம் என்பதால் நீர்ப்பரப்பு அகன்று கிடந்தது. கரையோரப் புல்லில் தட்டான்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை. பெரியவர் காரிலிருந்து இறங்கியதும் அணையைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தப் புல்லைத்தான் குனிந்து பார்த்தார்.

தேனி மாவட்டத்துக்குக் கேமராவோடு வருகிறவர்கள் பெரும்பாலும் சின்னமனூர் வழியாக மேகமலைக்கு ஏறிவிடுவார்கள். யானை, காட்டுமாடு, சிங்கவால் குரங்கு என்று பெரிய உயிர்கள் அங்கே இருக்கின்றன. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்ட பிறகு அந்த ஈர்ப்பு இன்னும் கூடியிருக்கிறது. ஆனால் நெருங்கி நின்று எடுக்கும் படத்துக்கு, மேக்ரோ என்று எல்லோரும் சொல்கிற அந்த வேலைக்கு, காடு அவசியமே இல்லை. வயல் வரப்பு போதும். வாய்க்கால் மேடு போதும். பெரியகுளத்திலிருந்து வடுகபட்டி, மேல்மங்கலம், ஜெயமங்கலம் என்று நீளும் இந்த வராக நதிப் படுகை, நெல்லும் தென்னையும் கரும்பும் வெற்றிலைக் கொடிக்காலும் கலந்து கிடக்கும் பூமி. ஈரம் இருக்கிறது, நிழல் இருக்கிறது, பூச்சி இருக்கிறது, பூச்சியைத் தின்னும் பூச்சியும் இருக்கிறது. சாணளவு இடத்தில் ஒரு வேட்டை முழுவதும் நடந்து முடிந்துவிடும்.

காலமும் முக்கியம். ஆனி, ஆடியில் இங்கே வந்தால் காற்று ஒரு படம் எடுக்க விடாது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத்தொடர்ச்சி மலையின் இடைவெளிகள் வழியே பள்ளத்தாக்குக்குள் இறங்கும். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பது அந்தக் காற்றை நம்பித்தான். இலை நுனியில் உட்கார்ந்திருக்கும் வண்டு அப்போது ஒரு நொடிகூட ஓரிடத்தில் நிற்காது. மார்கழி, தை விடியலில் காற்று அசையாது, பனி விழும், குளிரில் பூச்சிகள் மந்தமாக இருக்கும். வெயில் ஏறி உடம்பு சூடாகும் வரை தட்டான் பறக்காது. அந்த நேரம்தான் நமக்குக் கிடைக்கும் நேரம்.

நாங்கள் தேடி வந்தது ஜெயமங்கலத்து இளைஞர் ஒருவரை. தோட்டக்கலை படித்தவர், ஓய்வு நேரமெல்லாம் பூச்சிகளைப் படமெடுப்பவர். தன் படங்களைப் பார்த்து உள்ளதை உள்ளபடி சொல்ல ஆள் வேண்டும் என்று பெரியவருக்கு எழுதியிருந்தார். “எல்லாரும் சூப்பர்ங்கிறாங்கய்யா. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது” என்ற அந்த வரிக்காகவே பெரியவர் கிளம்பிவிட்டார். எனக்கும் அந்த வரி பிடித்திருந்தது. பாராட்டு போதாது என்று தோன்றுகிற நாளில்தான் ஒருவர் கலைக்குள் நுழைகிறார் என்பது என் எண்ணம்.

முதலில் இளைஞரின் சித்தப்பா வைத்திருக்கும் கொடிக்காலுக்குப் போனோம். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். இங்கே எந்தக் கொடிக்காலுக்கும் அதுதான் வழக்கம். அகத்தி மரங்கள் நெருக்கமாக நிற்க, அவற்றைப் பற்றிக்கொண்டு வெற்றிலைக் கொடிகள் ஏறியிருந்தன. அகத்தியின் சன்ன இலைகள் வழியே இறங்கும் வெளிச்சம் எங்கும் ஒரே சீராக விழுந்தது. ஸ்டுடியோவில் விளக்குக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டிப் பெறுகிற வெளிச்சம் இங்கே கூலியில்லாமல் கிடைத்தது. வரிசைகளுக்கு நடுவே உள்ள வாய்க்காலில் தண்ணீர் நின்றது. ஈர மண்ணில் வெறுங்காலோடு மண்டியிட்டால், முகத்துக்கு நேராக இலையின் அடிப்பக்கம் வரும். பூச்சிகள் வாழ்வது அங்கேதான். நின்றபடி பார்க்கிறவருக்கு இலையின் மேல்பக்கம் மட்டுமே தெரியும்.

இந்த வேலையின் கடினம் எங்கே இருக்கிறது என்பதை ஒரு கணக்கில் சொல்லிவிடலாம். ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள பூச்சி, கேமராவுக்குள் இருக்கும் சென்சாரிலும் ஒரு சென்டிமீட்டராகவே விழுந்தால் அதை ஒன்றுக்கு ஒன்று என்பார்கள். முழுச்சட்டகக் கேமராவில் அந்த அளவில், லென்ஸின் துளையை எஃப் 11 வரை குறுக்கினாலும், தெளிவாகத் தெரியும் ஆழம் ஒன்றேகால் மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதல். அதற்கு முன்னும் பின்னும் எல்லாம் மங்கல். துளையை இன்னும் குறுக்கினால் ஒளி விளிம்பில் வளைந்து மொத்தப் படமும் மழுங்கும். ஆகவே சிலந்தியின் கண்ணா, காலா, முதுகா, எது தெளிவாக இருக்க வேண்டும் என்று எடுக்கிறவர் முடிவு செய்தாக வேண்டும். மூச்சு விட்டால் அந்த முடிவு கலைந்துவிடும்.

இளைஞரிடம் விலை உயர்ந்த மேக்ரோ லென்ஸ் இல்லை. சாதாரண லென்ஸ் ஒன்றை வளையம் போட்டுத் தலைகீழாகத் திருப்பி மாட்டியிருந்தார். ஃபிளாஷுக்கு முன்னால், சிப்ஸ் டப்பாவை வெட்டி அதன் வாயில் டிரேஸிங் பேப்பர் ஒட்டிச் செருகியிருந்தார். இதில் குறைப்பட ஒன்றுமில்லை. மேற்கு வங்கத்தின் பக்சா புலிகள் காப்பகத்தில் எறும்பு வேடமிட்ட நண்டுச் சிலந்தியின் முகத்தை ரிபன் பிஸ்வாஸ் எடுத்ததும் லென்ஸைத் திருப்பி மாட்டித்தான். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கானுயிர்ப் புகைப்படப் போட்டியில் 2019இல் அந்தப் படம் பரிசு வாங்கியது.

மாலையில் மோட்டார் கொட்டகைத் திண்ணையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து உட்கார்ந்தோம். இளைஞர் தன் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். பெரியவர் நெடுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு வலையில் அமர்ந்த ஒரு சிலந்தியின் படத்தில் நிறுத்தச் சொன்னார். உடம்பில் மஞ்சளும் கறுப்புமாய்ப் பட்டைகள். கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, எக்ஸ் எழுத்தைப் போல விரித்திருந்தது. கால்களின் நீட்சியாக வலையிலும் வெள்ளை நூலால் வளைந்து வளைந்து போகும் பின்னல். நிறமும் தெளிவும் அருமையாக இருந்தன. எனக்குக் குறை எதுவும் கண்ணில் படவில்லை.

“தம்பி, இதைத் திருப்பியிருக்கீங்களா?”

இளைஞர் கொஞ்சம் தயங்கினார். “ஆமாங்கய்யா. தலை மேல இருந்தா நல்லா இருந்துச்சு.”

“இந்தச் சிலந்தி வலையில தலைகீழாத்தான் உட்காரும். ஏன்னு யோசிச்சீங்களா?”

யோசித்தோம். பெரும்பாலான வட்டவலைச் சிலந்திகள் வலையின் நடுவில் தலையைக் கீழே வைத்துத்தான் காத்திருக்கின்றன. வலையின் கீழ்ப்பாதி பெரிதாக இருக்கும். மேலே ஏறுவதைவிடக் கீழே இறங்கி ஓடுவது சிலந்திக்கு எளிது, வேகமும் அதிகம். இரை சிக்கும் இடத்தை நோக்கியே முகம் இருக்கிறது. படத்தைத் திருப்பியபோது அழகு கூடியிருக்கலாம். ஆனால் அந்த உயிர் ஏன் அப்படி அமர்ந்திருந்தது என்ற சேதி படத்திலிருந்து போய்விட்டது.

பெரியவர் அதோடு விடவில்லை. வலது ஓரத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. “இது என்ன? வெட்டுறதுக்கு முன்னாடி இருந்த படம் இருக்கா?” என்று கேட்டார். இளைஞர் மூலப்படத்தைத் திறந்தார். வலையின் ஓரத்தில், பெரிய சிலந்தியோடு சம்பந்தமே இல்லாததுபோல், அரிசி மணியளவில் ஒரு பழுப்புச் சிலந்தி. அதுதான் ஆண். இந்த இனத்தில் பெண்ணுக்குப் பக்கத்தில் ஆண் அவ்வளவு சிறியது. பெண்ணை நெருங்கத் தருணம் பார்த்து வலையோரத்திலேயே கிடக்கும். நெருங்கிய பிறகு பல நேரம் உயிர் தப்பாது. ஒரு குடும்பக் கதையே சட்டகத்துக்குள் இருந்திருக்கிறது. படத்தைக் கச்சிதமாக்குகிறேன் என்று வெட்டியபோது அதுவும் சேர்ந்து போய்விட்டது. கோடு போலத் தெரிந்தது அந்த ஆணின் கால்.

அந்த இளைஞரின் முகம் அப்போது வாடவில்லை. மடிக்கணினியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். விமர்சனம் பயன்படுகிறதா என்பதை நான் அந்த ஒரு அசைவில்தான் அறிகிறேன். மனம் நொந்தவர் பின்னால் நகர்வார். பசி எடுத்தவர் முன்னால் நகர்வார்.

அடுத்தது மாந்தோப்பில் எடுத்த முசுறு எறும்பு. பெரியகுளம் வட்டாரத்து மாமரங்களில் இலைகளை நூலால் இணைத்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு. இன்னொரு எறும்பை வாயில் கவ்விச் சுமந்துபோவதாக இளைஞர் குறிப்பு எழுதியிருந்தார். பெரியவர் ஒரு வார்த்தை மட்டும் சொன்னார்: “எண்ணுங்க.” எண்ணினோம். ஆறு கால்கள் தரையில். மேலே தூக்கிய இரண்டும் உணர்கொம்புகள் என்று நினைத்திருந்தோம், ஆனால் அவையும் கால்கள்தான். மொத்தம் எட்டு. அது எறும்பே இல்லை. முசுறு போலவே உருவமும் நிறமும் நடையும் கொண்ட குதிக்கும் சிலந்தி. அதன் ஆணுக்குத் தாடைகள் முன்னால் நீண்டு முனையில் தடித்திருக்கும், பார்த்தால் எறும்பு ஒன்று மற்றொன்றைச் சுமப்பது போலவே தோன்றும். கடிக்கும் முசுறை நெருங்கப் பறவைகளும் குளவிகளும் தயங்குவதால் அந்த வேடம் அதற்குக் காப்பு.

“முன்னாடி ரெண்டு பெரிய கண் பளிச்சுனு தெரிஞ்சிருந்தா நீங்களே கண்டுபிடிச்சிருப்பீங்க. நீங்க வயித்துல ஃபோகஸ் வச்சிட்டீங்க. கண்ணுல வைங்கன்னு எல்லாரும் சொல்றாங்களே, அது அழகுக்காக மட்டும்னு நினைக்காதீங்க. எந்த உயிர்னு சொல்றதே கண்ணுதான்” என்றார் பெரியவர்.

இந்த இடத்தில் எனக்கு ஒன்று தெளிவானது. புகைப்பட வகுப்புகளில் விதிகளாகச் சொல்லித் தருபவை பலவும் அந்த உயிரின் பக்கம் நின்று பார்த்தால் காரணங்களாகிவிடுகின்றன. தட்டானின் இறகுக்கு இணையாகக் கேமராவைப் பிடி என்பார்கள். இறகின் நரம்பமைப்பும் நுனியருகே உள்ள நிறப்புள்ளியும் முழுதும் தெளிவாக விழுந்தால்தான் எந்தத் தட்டான் என்று பிரித்தறிய வழி உண்டு. உயிரின் கண்மட்டத்துக்கு இறங்கு என்பார்கள். அந்த மட்டத்தில்தான் அது தன் உலகத்தைப் பார்க்கிறது. நல்ல விமர்சகர் விதியை நினைவூட்டுவதோடு நிற்காமல் காரணத்துக்குக் கூட்டிப்போகிறார்.

மூன்றாவது படம்தான் திண்ணையில் கொஞ்ச நேரம் மௌனத்தைக் கொண்டுவந்தது. வெற்றிலையின் மேல் ஒரு கும்பிடுபூச்சி. உடம்பெங்கும் பனித்துளிகள். பின்னணி பசுமை மங்கல். கீழே, ‘கொடிக்கால், காலை 6.30’ என்ற குறிப்பு.

“கண்ணு ரெண்டும் ஏன் கறுப்பா இருக்கு, தம்பி?”

கும்பிடுபூச்சியின் கூட்டுக்கண் பகலில் உடம்பின் நிறத்துக்கு ஒத்துப் பச்சையாகவோ வெளிர் பழுப்பாகவோ இருக்கும். நாம் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் நம்மையே பார்ப்பதுபோல் ஒரு சிறு கறும்புள்ளி அதில் தெரியும். இரவில் கண்ணுக்குள் இருக்கும் நிறமிகள் இடம்பெயர்ந்து, குறைந்த ஒளியையும் வாங்கிக்கொள்ள வசதியாகக் கண் முழுவதும் கருமையாகிவிடும். ஆகவே படம் இரவில் எடுத்தது. துளிகளும் அதையே சொல்லின. பனி இறங்கினால் பூச்சியின் மேலும், இலையின் ஓரத்திலும், பின்னால் இருக்கும் புல்லிலும் பரவலாக, பொடிப்பொடியாக இறங்கும். இங்கே பூச்சியின் மேல் மட்டும் பெரிய துளிகள்.

இளைஞர் மறைக்கவில்லை. இரவில் வீட்டு டியூப்லைட்டுக்கு வந்த பூச்சியை இலையில் வைத்து, ஸ்பிரேயரால் தண்ணீர் தெளித்து எடுத்ததாகச் சொன்னார். “அப்படியே எழுதுங்க. வீட்டு வெளிச்சத்துக்கு வந்தது, இலையில நான் வச்சதுன்னு. அப்ப அது நேர்மையான படம்” என்று முடித்துக்கொண்டார் பெரியவர். அதட்டவில்லை, அறிவுரையும் நீட்டவில்லை.

ஆனால் நான் இதை இன்னும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நெருக்கப் படக்கலையில் இந்த நோய் பரவிக்கிடக்கிறது. அசையாமல் இருக்க வேண்டும் என்று பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து எடுக்கிறார்கள், பசை தடவி ஒட்டுகிறார்கள், தவளை முதுகில் நத்தையை ஏற்றிவைக்கிறார்கள். பார்க்கிறவர் அதை இயற்கை என்று நம்புகிறார். சிறிய உயிர் என்பதால் வலி சிறியது என்று நினைப்பது கொடுமை. கேள்வி கேட்கும் ஆள் குறைந்த இடத்தில்தான் இது வளர்கிறது.

கேள்வி கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அதே லண்டன் போட்டியில் 2017இல் பிரேசில் நாட்டவர் மார்சியோ கப்ரால் பரிசு பெற்றார். இரவில் ஒளிரும் வண்டுப்புழுக்கள் மின்னும் கறையான் புற்றை எறும்புண்ணி ஒன்று நெருங்கும் படம். அது ஏமாஸ் தேசியப் பூங்காவின் பார்வையாளர் மையத்தில் இருக்கும் பாடம் செய்யப்பட்ட எறும்புண்ணி போலிருக்கிறதே என்று சிலர் சுட்டிக்காட்டினார்கள். ஐந்து அறிவியலாளர்கள் தனித்தனியாக இரண்டையும் ஒப்பிட்டார்கள். ரோமக் கற்றைகள், உடல் வரிகள், நிற்கும் நிலை எல்லாம் பொருந்தின. கப்ரால் கடைசிவரை மறுத்தார். ஆனாலும் 2018 ஏப்ரலில் பரிசு பறிக்கப்பட்டது. அதற்கும் முன்பு, 2009இல் வேலி தாண்டும் ஓநாயின் படத்துக்குக் கொடுத்த முதல் பரிசையும், அது பழக்கிய ஓநாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று கண்டு, அதே போட்டி திரும்பப் பெற்றது. இரண்டு முறையும் உண்மையை வெளியே கொண்டுவந்தது விலங்கைத் தெரிந்த கண்கள்தான்.

அதே மேடையில் 2021இல் இளையோருக்கான தலைமைப் பரிசு வாங்கியவர் பத்து வயது பெங்களூருச் சிறுவன் வித்யுன் ஹெப்பார். சுவர் இடுக்கில் இருந்த கூடாரச் சிலந்தியை, பின்னால் கடந்து போன ஆட்டோவின் நிறங்களைப் பின்னணியாக வைத்து எடுத்திருந்தான். காட்டுக்குப் போகவில்லை, சிலந்தியைத் தொடவில்லை. நகரத்தில் அந்தச் சிலந்தி எப்படி வாழ்கிறதோ அப்படியே வந்திருந்தது. அந்தப் படத்தைக் காட்டியபோது ஜெயமங்கலத்து இளைஞர் கேட்டார்: “அப்ப என் படத்துல பம்ப்செட் பைப் தெரிஞ்சா தப்பில்லையாங்கய்யா?” பெரியவர் முகம் மலர்ந்தது. “அது எங்க வாழுதுன்னு சொல்லுதுல்ல? அப்ப ஏன் மறைக்கணும்?”

நேருக்கு நேர் குறை சொல்வது நம் மரபுக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் எழுதிய பாயிரம், அந்நூல் நிலந்தருதிருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசானுக்கு முன்னால் ஐயம் நீங்க விளக்கி அரங்கேற்றப்பட்டதாகச் சொல்கிறது. எழுதியவர் அவையில் நின்று பதில் சொல்ல வேண்டும், கேட்பவர் தெரிந்தவராக இருக்க வேண்டும். இந்த இரண்டும் அமைந்தால்தான் அது விமர்சனம். புகைப்படத்திலும் இந்தக் கைமாற்றம் நடந்திருக்கிறது. 1932இல் தஞ்சாவூரில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த டி.என்.ஏ. பெருமாள், ஓ.சி. எட்வர்ட்ஸிடம் கானுயிர்ப் படக்கலை பயின்றவர். பின்னாளில் தென்னிந்தியாவின் ஒரு தலைமுறைக்கே அவர் ஆசானாக இருந்தார். 2017இல் மறைந்தார். எழுத்தாளர் மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) கறுப்பு வெள்ளையில் மட்டுமே காட்டைப் பதிவு செய்தவர். 1950 முதல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றி எழுதிவந்தார். அவர் எழுத்தைப் படிக்கிறவருக்கு ஒன்று புரியும்: விலங்கின் நடத்தையை முதலில் கவனித்திருக்கிறார், படம் அதற்குப் பிறகுதான் வந்திருக்கிறது. இப்படிப்பட்டவர்களிடம் படத்தைக் கொண்டுபோய்க் காட்டும் வாய்ப்பு இன்று எத்தனை கிராமத்து இளைஞர்களுக்குக் கிடைக்கிறது? பாராட்டு வீட்டுக்கே வருகிறது. குறை சொல்லக்கூடியவரை நாம்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

மறுநாள் விடியலில் மறுபடியும் கொடிக்கால். இளைஞரின் நடவடிக்கை மாறியிருந்தது. கேமராவைக் கழுத்திலேயே தொங்கவிட்டுவிட்டு ஒரு கொடியின் முன் உட்கார்ந்தார். சிலந்தி வலையைக் கண்டதும் முதலில் ஓரங்களைத் தேடினார். ஆண் இருக்கிறதா, சிதைந்த பழைய நூல் எங்கே, வலை எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது? பிறகு ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்து எழுதினார். அகத்தியில், தரையிலிருந்து முழங்கால் உயரம், கிழக்குப் பார்த்த வலை. அதன் பிறகுதான் லென்ஸைத் தொட்டார். படங்கள் முந்தைய நாளைவிடக் குறைவாகத்தான் விழுந்தன. ஒரு படத்தில் பெண்ணும் ஆணும் ஒரே தளத்தில் தெளிவாக இருந்தார்கள், சிலந்தி தலைகீழாகவே இருந்தது. பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, “வெளிச்சம் இன்னும் கொஞ்சம் கடினமா இருக்கு. பேப்பர் இன்னொரு அடுக்குப் போடுங்க” என்றார். பாராட்டு இல்லையே என்று எனக்குத்தான் தோன்றியது. இளைஞருக்குத் தோன்றவில்லை. அவர் டிரேஸிங் பேப்பரைத் தேடிக்கொண்டிருந்தார்.

இந்த நுணுக்கம் எங்கே கொண்டு சேர்க்கும் என்பதற்கு இதே மாவட்டத்தில் சான்று இருக்கிறது. மேகமலையில் 2018இல் கண்ணில் பட்ட ஒரு சிறு பட்டாம்பூச்சி, வெள்ளிவரி வகையைச் சேர்ந்தது. இறகின் அடிப்பக்கத்தில் வெளிர் மஞ்சள் மேல் பட்டைகள், பட்டைகளுக்குள் வெள்ளி மினுக்கம். தெரிந்த இனங்களில் ஒன்று என்று கடந்து போயிருக்கலாம். தேனியில் இயங்கும் ‘வனம்’ அமைப்பினரும் திருவனந்தபுரத்துத் திருவாங்கூர் இயற்கை வரலாற்றுக் கழகத்தினரும் சேர்ந்து, அந்தப் பட்டைகள் மற்ற இனங்களில் எப்படி அமைந்திருக்கின்றன, இதில் எப்படி அமைந்திருக்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2023இல் ‘என்டமான்’ ஆய்விதழில் அது புதிய இனமாக வெளியானது. சிகாரிடிஸ் மேகமலையென்சிஸ் என்று மலையின் பெயரையே அதற்கு வைத்தார்கள். மேற்குத்தொடர்ச்சி மலையிலிருந்து 33 ஆண்டுகளுக்குப் பிறகு விவரிக்கப்பட்ட புதிய பட்டாம்பூச்சி என்று அப்போது செய்தி வந்தது. ஒரு பட்டை எங்கே முடிகிறது, எங்கே சேர்கிறது என்பதுதான் அங்கே கேள்வி. நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவையும் அந்த வகைக் கேள்விகளே. ஆய்விதழில் ஒரு இனத்தை அறிவிக்கும் முன் அத்துறை அறிஞர்கள் குறை தேடிப் படிப்பார்கள். குறை தேடிய பிறகும் நிற்பதுதான் அறிவியலில் இடம் பெறுகிறது.

கிளம்பும் முன் கொடிக்கால்காரரிடம் படங்களைக் காட்டினோம். வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்த கையைத் துண்டில் துடைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்தார். ஒரு படத்தில் விரலை வைத்தார்.

“ஏப்பா, இது நம்ம கொடிக்கால் இல்லையே. இது மிளகுக் கொடில்ல?”

“மலையடிவாரத் தோட்டத்துல எடுத்தது சித்தப்பா. தேதி மாறி இந்தக் கட்டுல சேர்ந்துருச்சு.”

“அதான். இலை தடிமனா இருக்கு பாரு. வெத்தலை இப்படிக் கரும்பச்சையா இருக்காது.” அடுத்த படத்தைப் பார்த்தார். “இது தண்ணி பாய்ச்சின அன்னைக்கு எடுத்தது. மண்ணு நிறம் தெரியுது. இந்தப் பூச்சி தண்ணி பாய்ச்சினாத்தான் கீழ எறங்கும்.”

வெற்றிலையும் மிளகும் ஒரே குடும்பத்துக் கொடிகள். இலை வடிவத்தை மட்டும் பார்த்தால் ஏமாற இடம் உண்டு. பெரியவர் பார்க்காமல் விட்டதை, எனக்குத் தெரியவே தெரியாததை, அவர் ஒரு பார்வையில் சொன்னார். பூச்சி தண்ணீருக்குப் பிறகு கீழே இறங்கும் என்ற சேதியை இளைஞர் உடனே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த முறை எந்த நாளில், எந்த உயரத்தில் தேட வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல வழிகாட்டல் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

தை பிறந்து மாசி முடியும் வரை இந்தப் பக்கம் விடியலில் பனியும் காற்றில்லாத நேரமும் கிடைக்கும். புலிகள் காப்பகத்துக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். தோட்டத்துக்குள் போகத் தோட்டக்காரரின் அனுமதி வேண்டும். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். செருப்பைக் கழற்றுங்கள். உயிரை இடம் மாற்றாதீர்கள், மாற்றினால் படத்தின் கீழே அதை எழுதுங்கள். எந்தச் செடி, எந்த நேரம், எந்த ஊர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எடுத்த படத்தை ஊர் திரும்பி யாருக்கும் காட்டும் முன்னால், அந்த மண்ணில் வேலை செய்கிறவரிடம் காட்டி, “இதுல என்ன தப்பு இருக்கு?” என்று கேளுங்கள்.